மூன்று சொல் வேட்பாளர்

தேர்தலுக்குத் தேர்தல் தோற்பவர் என்றால் நமக்கு மேட்டூர் பத்மராஜன்தான் நினைவுக்கு வருவார். 1988 முதல் இருநூறு முறைக்கு மேல் வேட்புமனு தாக்கல் செய்து, தோற்பதையே சாதனையாக்கிக் கொண்ட மனிதர். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறார். பெயர் எட் ஃபோர்ச்சியன். கறுப்பினத்தவர், லாரி ஓட்டுநராக இருந்தவர். பத்மராஜன் நிற்பது சாதனைக்காக. ஃபோர்ச்சியன் நின்றது ஒரே ஒரு கோரிக்கைக்காக: கஞ்சா வைத்திருப்பதைக் குற்றமாக்கும் சட்டத்தை எடுத்துவிட வேண்டும். 1998-லிருந்து நாடாளுமன்றத்துக்கு நின்றார், மாநிலச் சட்டப்பேரவைக்கு நின்றார், ஆளுநர் பதவிக்கு நின்றார். அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர்; நம் முதலமைச்சரைப் போன்றவர். எதிலும் ஃபோர்ச்சியன் வென்றதில்லை. பத்திரிகைகளும் ஊராரும் அவருக்கு வைத்த பெயர், அவரே விரும்பிச் சூடிக்கொண்ட பெயர், 'என்ஜே வீட்மேன்'. நம் பேச்சில் சொன்னால் 'நியூஜெர்சி கஞ்சாக்காரர்'.

தலித் பத்தியில் இந்தக் கஞ்சாக்காரர் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்த கொலம்பியா பல்கலைக்கழகம் நியூயார்க்கில் இருக்கிறது. ஹட்சன் ஆற்றைத் தாண்டினால் நியூஜெர்சி. 1946-ல் கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டுபாய்சுக்கு அம்பேத்கர் கடிதம் எழுதி, கறுப்பர் நிலையும் தீண்டப்படாதார் நிலையும் ஒத்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். 1972-ல் பம்பாயில் பிறந்த தலித் பேந்தர்ஸ் இயக்கம் பெயரையே கறுஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது. அந்தப் பெயர் மதுரைக்கு வந்து இன்று விடுதலைச் சிறுத்தைகளாக நிற்கிறது. ஆகவே அங்கே ஒரு கறுப்பின மனிதரை ஒரு சட்டம் எப்படித் துரத்தியது, அவர் அதை வாக்குச்சீட்டில் எப்படி எதிர்கொண்டார் என்பது நமக்கு அயலார் வீட்டுக் கதை இல்லை.

முதலில் சட்டம். 1930-ல் அமெரிக்கா போதைப்பொருள் தடுப்புக்கென்று ஒரு துறை தொடங்கியபோது அதன் தலைவராக வந்தவர் ஹாரி ஆன்ஸ்லிங்கர். 1962 வரை, முப்பத்திரண்டு ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். கறுப்பரும் மெக்சிக்கரும் கஞ்சா அடித்துவிட்டு வெள்ளையரைத் தாக்குகிறார்கள் என்ற அச்சத்தை ஊதிப் பெருக்கியதில் அவர் பங்கு பெரியது. 1937-ல் கஞ்சா மீது வரிச்சட்டம் வந்தது. பெயருக்குத்தான் வரி, நடைமுறையில் தடை. 1970-ல் வந்த சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு ஒரே பட்டியலில், மிகக் கொடிய வகையில் வைத்தது. சட்டத்தின் எழுத்தில் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் வெள்ளையரும் கறுப்பரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கஞ்சா பயன்படுத்துகிறார்கள். பிடிபடுவதோ ஒரே அளவில் இல்லை. அமெரிக்கக் குடியுரிமைகள் சங்கம் 2013-ல் வெளியிட்ட ஆய்வு, கஞ்சா வைத்திருந்ததற்காகக் கைதாகும் வாய்ப்பு கறுப்பருக்கு வெள்ளையரைவிட 3.73 மடங்கு என்று காட்டியது. நியூஜெர்சியில் இது ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்தச் சின்ன மாநிலத்தில் 2013-ல் மட்டும் இப்படிக் கைதானவை 24,000-க்கும் மேல்.

எழுத்தில் சமம், தெருவில் வேறு. இதை நம் வாசகருக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இந்திய மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம். சிறையில் இருப்பவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நம்மவர். திருடுவதற்கென்றே பிறந்தவர்கள் என்று வெள்ளைக்கார ஆட்சி முத்திரை குத்திய சாதிகளின் தெருவுக்குள் காவல் வண்டி இன்றும் முதலில் நுழைகிறது.

1997-ல் ஃபோர்ச்சியன் கைதானார். நாற்பது பவுண்டு கஞ்சாவை விற்கச் சதி செய்தார் என்பது வழக்கு. நம் கணக்கில் சுமார் 18 கிலோ. நம் நாட்டின் 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி ஒரு கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. ஃபோர்ச்சியன் இரண்டு கிலோ வித்தியாசத்தில் நடுவில் விழுவார், அதற்கு இங்கே அதிகபட்சம் பத்தாண்டு. அங்கேயும் பத்தாண்டுதான் தீர்ப்பானது. அதில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு உள்ளே இருந்துவிட்டு, 2002-ல் கண்காணிப்பின்கீழ் வெளியே வந்தார். சட்டத்தை மாற்றக் கோரி விளம்பரப் படங்கள் எடுத்தார். அதிகாரிகள் மறுபடி உள்ளே தள்ளினார்கள். 2003 ஜனவரியில் ஒன்றிய நீதிமன்ற நீதிபதி ஜோசப் ஐரினாஸ், ஒரு சட்டத்தை மாற்றச் சொல்லிப் பேசியதற்காக ஒருவரைச் சிறையில் வைக்க முடியாது, அது பேச்சுரிமையைப் பறிப்பது என்று கூறி விடுவித்தார். கஞ்சா விற்றதற்காகச் சிறை போவது ஒன்று, சட்டம் தவறென்று சொன்னதற்காகப் போவது வேறொன்று. இரண்டும் அவருக்கு நடந்தது.

இதற்கு நடுவில் 2000-ல் மாநிலச் சட்டப்பேரவை மண்டபத்துக்குள்ளேயே கஞ்சா பற்றவைத்துக் கைதானார். கோமாளித்தனம் என்றார்கள். நமக்கும் அந்தக் காட்சி அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் கோமாளி என்று ஒதுக்கப்பட்டவர் வாக்குச்சீட்டை எப்படிக் கையாண்டார் என்பதில் கற்க இருக்கிறது.

நியூஜெர்சியில் கட்சி சாராத வேட்பாளர் டெபாசிட் கட்ட வேண்டியதில்லை. வாக்காளர்களின் கையெழுத்து வேண்டும். அவர் நின்ற அந்த ஆண்டுகளில் ஆளுநர் பதவிக்கு 800 கையெழுத்து, சட்டப்பேரவைக்கு 100. நம் ஊரில் சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், நாடாளுமன்றத்துக்கு 25,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கு அதில் பாதி. ஆறில் ஒரு பங்கு வாக்கு வாங்காவிட்டால் பணம் போயிற்று. அங்கே பணம் போகாது, கால் வலிக்கும். எண்ணூறு பேர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும், எண்ணூறு பேரிடம் விளக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அப்படி நிற்பவர் தன் கொள்கையை மூன்று சொல்லுக்கு மிகாமல் எழுதித் தரலாம். அது அவர் பெயரோடு வாக்குச்சீட்டில் அச்சாகும். ஃபோர்ச்சியன் எழுதித் தந்தது, 'கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கு கட்சி' என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்கள். எந்தத் தொலைக்காட்சியும் விவாதத்துக்குக் கூப்பிடாத ஒருவரின் கோரிக்கையை, வாக்களிக்க வந்த ஒவ்வொருவர் கையிலும் அரசாங்கமே தன் செலவில் அச்சடித்துக் கொடுத்தது. சுவரெழுத்துக்குக்கூடக் காசில்லாதவர்களுக்கு இதைவிட மலிவான பிரசுரம் கிடையாது.

வாக்கு? 2005 ஆளுநர் தேர்தலில் 9,000 சொச்சம்; நூற்றுக்கு அரை வாக்குகூட இல்லை. வென்ற ஜான் கோர்சைன் பெற்றது 12 லட்சத்துக்கும் மேல். அடுத்த ஆண்டு செனட் தேர்தலில் 11,000 சொச்சம். நம்மைப் போலவே அங்கேயும் அதிக வாக்கு வாங்கியவருக்கே பதவி. மூன்றாமவருக்குப் போடும் வாக்கு வீண் என்ற பேச்சு அங்கேயும் உண்டு. ஆனால் அதே கோர்சைன்தான் பதவி முடியும் தறுவாயில், 2010 ஜனவரியில், நோயாளிகளுக்கு மருத்துவக் கஞ்சாவை அனுமதிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அடுத்து வந்த கிறிஸ் கிறிஸ்டி எட்டாண்டு முழுக்கச் சட்டபூர்வமாக்கலை எதிர்த்தார். 2017-ல் ஜனநாயகக் கட்சியின் ஃபில் மர்ஃபி, கைதில் இருக்கும் நிறப்பாகுபாட்டைக் காரணம் காட்டி, சட்டபூர்வமாக்குவேன் என்று வாக்குக் கேட்டு வென்றார். இருபதாண்டு சில்லறைக் கட்சிக் கூச்சலாக இருந்தது பெரிய கட்சியின் தேர்தல் வாக்குறுதியானது.

ஃபோர்ச்சியனின் வாக்குகள்தான் இதைச் செய்தன என்று நாம் சொல்ல மாட்டோம். வேறு மாநிலங்கள் முன்னே போயிருந்தன, வரி வருமானக் கணக்கும் சேர்ந்துகொண்டது. ஆனால் ஒரு கோரிக்கையைத் திரும்பத் திரும்ப வாக்குச்சீட்டில் வைக்கும்போது அது விசித்திரம் என்ற நிலையிலிருந்து பழகிய பேச்சாகிறது. 1999 வரை தேர்தலைப் புறக்கணித்துவிட்டு அதன்பின் களத்தில் இறங்கிய விடுதலைச் சிறுத்தைகளின் பயணத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

மனுத் தாக்கல் என்பதே சிலருக்குத்தான் சடங்கு. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996-லிருந்து பத்தாண்டு ஒரு தலித் தலைவர் முறையாகப் பதவியில் அமர முடியாமல் ஆக்கினார்கள். 2006-ல்தான் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. மேலவளவில் முருகேசன் வென்றதற்காகவே 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். வெல்ல வாய்ப்பில்லாதவர் ஏன் நிற்கிறார் என்று சிரிப்பவர்கள், நிற்பதே எவ்வளவு பெரிய காரியம் என்பதை அறியாதவர்கள்.

மறுபடி நியூஜெர்சி. 2015-ல் ஃபோர்ச்சியன் தலைநகர் டிரென்டனில், நகராட்சி அலுவலகத்துக்கு எதிரிலேயே ஓர் உணவகமும் அதையொட்டி ஒரு வழிபாட்டிடமும் திறந்தார். ராஸ்டஃபாரி சமயத்தவர் அவர். அச்சமயத்தில் கஞ்சா புனிதம். 2016-ல் காவல்துறை புகுந்து சோதனையிட்டது. தனக்கெதிராகத் துப்புக் கொடுத்தவரின் பெயரை வெளியிட்டதற்காகச் சாட்சியை மிரட்டினார் என்று 2017-ல் இன்னொரு வழக்குப் போட்டு, பிணையில்லாமல் உள்ளே வைத்தார்கள். 447 நாட்கள். 2018 மே மாதம் நடுவர் குழு அவர் குற்றவாளி இல்லை என்றது. தண்டனையே இல்லாத ஒரு குற்றத்துக்கு 447 நாட்கள். விசாரணைக் கைதி என்ற சொல்லின் கனம் தெரிந்த குடும்பங்கள் நம் ஒவ்வொரு கிராமத்திலும் உண்டு.

சிறையும் வாக்கும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதையும் இங்கே பார்க்க வேண்டும். நியூஜெர்சியில் 2020 மார்ச் வரை, சிறையிலிருந்து வந்து கண்காணிப்பில் இருப்பவருக்கும் வாக்கில்லை. சட்டத்தை மாற்றியபோது சுமார் 80,000 பேருக்கு வாக்குரிமை திரும்பியது. எந்தச் சட்டம் ஒருவரைச் சிறைக்கு அனுப்பியதோ, அந்தச் சட்டத்தை மாற்ற வாக்களிக்கும் உரிமையும் அவரிடம் இல்லாமல் இருந்தது. நம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவு இன்னும் கடுமையானது. விசாரணைக் கைதியாக உள்ளே இருந்தாலும் வாக்களிக்க முடியாது. ஆனால் தேர்தலில் நிற்கலாம். 2013-ல் உச்ச நீதிமன்றம் அதையும் தடுத்தபோது நாடாளுமன்றம் அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி அனுமதித்துக்கொண்டது. உள்ளே இருக்கும் பெரிய மனிதர் வேட்பாளராகலாம், பக்கத்து அறையில் பிணைக்குப் பணமில்லாமல் கிடக்கும் கூலித் தொழிலாளி அவரை எதிர்த்து ஒரு வாக்குப் போட முடியாது. மாணவர்கள் இந்தப் பிரிவைத் தேடிப் படிக்க வேண்டும்.

கஞ்சா நல்லது என்று நாம் வாதாட வரவில்லை. சேரிப் பிள்ளைகள் பள்ளியை விட்டு அதில் விழுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தத் தாய்மார்களின் கோபம் நியாயமானது. ஆனால் விழுந்த பிள்ளைக்கு மருத்துவமனையா சிறையா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் சொல்லும்போது எந்தத் தெருப் பிள்ளைக்கு எது கிடைக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2020 நவம்பரில் நியூஜெர்சி மக்களிடம் நேரடியாகவே கேட்கப்பட்டது. 67 சதவீதம் பேர் சட்டபூர்வமாக்கு என்றார்கள். 2021 பிப்ரவரியில் மர்ஃபி கையெழுத்திட்டார். பழைய கஞ்சா வழக்குகள் 3.6 லட்சத்துக்கும் மேல் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. இது சிறிய காரியமில்லை. வேலைக்குப் போகும் இடமெல்லாம் பழைய வழக்கு முன்னால் வந்து நின்ற அத்தனை பேருக்கும் அது விடுதலை.

ஃபோர்ச்சியன் கொண்டாடவில்லை. 2022 ஏப்ரல் 21 அன்று பொது விற்பனை தொடங்கியபோது கடை திறந்தவர்கள் மருத்துவக் கஞ்சா உரிமத்தை ஏற்கெனவே வைத்திருந்த நிறுவனங்கள். பல மாநிலங்களில் கிளை பரப்பிய பெரிய முதலாளிகள் அதில் உண்டு. பழைய தண்டனை பெற்றவர்களுக்கும் காவல்துறை கெடுபிடி அதிகம் கண்ட ஊர்களுக்கும் உரிமத்தில் முன்னுரிமை என்று சட்டம் சொல்கிறது. ஆனால் உரிமம் காகிதம்தான். கடைக்கு இடம் வேண்டும், ஊராட்சி சம்மதம் வேண்டும், முதல் வேண்டும். ஒன்றிய அரசுச் சட்டத்தில் கஞ்சா குற்றமாக இருந்ததால் வங்கிகள் கடன் தரத் தயங்கின. நிலச் சீர்திருத்தத்தில் பட்டா வாங்கியும் உழ மாடில்லாமல், பிறகு நிலத்தையே விற்றவர்களை நமக்குத் தெரியும். எந்த வியாபாரத்துக்காகக் கறுப்பர்கள் சிறை சென்றார்களோ அதே வியாபாரத்தில் இப்போது வெள்ளை முதலாளிகள் சம்பாதிக்கிறார்கள் என்பது ஃபோர்ச்சியனின் குற்றச்சாட்டு. அவர் உரிமம் கேட்டு வரிசையில் நிற்கவில்லை. டிரென்டனில் நகராட்சிக்கு எதிரே தன் கடையை உரிமமில்லாமலே திறந்து வைத்தார்.

புதிய சட்டத்தின்படி நியூஜெர்சியில் 21 வயது நிரம்பியவர் ஆறு அவுன்ஸ், அதாவது சுமார் 170 கிராம் வரை வைத்திருக்கலாம். கடையில் வாங்கலாம். ஆனால் வீட்டுக் கொல்லையில் ஒரு செடி வளர்க்க அந்தச் சட்டம் இடம் தரவில்லை. வளர்த்துப் பிடிபட்டால் ஐந்தாண்டு வரை சிறை என்ற பழைய பிரிவை அது அப்படியே விட்டுவைத்தது.