பயணப் பெட்டியில் மலேரியாக் குளிசையும் இருக்கட்டும்



வீட்டில் ஒருவர் வெளிநாடு புறப்படுகிறார் என்றால் பெட்டி கட்டும் பொறுப்பு நம் கையில்தான் வந்து சேரும். மாசி, மிளகாய்த்தூள், தொதல் என்று எல்லாவற்றையும் நினைத்து நினைத்து வைப்போம். போகிற நாட்டில் மலேரியா இருக்கிறதா என்று மட்டும் கேட்க மாட்டோம். "அந்தக் காய்ச்சல்தான் ஒழிந்துவிட்டதே!" என்போம்.

ஒழிந்தது உண்மைதான். 1934-35இல் இந்நாட்டில் ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோன நோய் அது. 1963இல் நோயாளிகள் வெறும் 17 பேராகக் குறைந்தார்கள். இனிப் பயமில்லை என்று மருந்தடிப்பதைத் தளர்த்தினார்கள். 1969இல் ஐந்து இலட்சம் பேருக்கு மேல் காய்ச்சல்! 1999இல்கூட இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டார்கள். பிறகு பெரும் பாடுபட்டு, 2012 ஒக்டோபருக்குப் பின் உள்ளூரில் தொற்றியவர் எவருமில்லை என்ற நிலை வந்தது. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று இலங்கைக்குச் சான்று தந்தது.

ஆனால் நுளம்பு ஒழியவில்லை, சகோதரிகளே. சொறிக்கல்முனை, சம்மாந்துறை வயல்வெளிகளைச் சுற்றி நீருக்கும் நுளம்புக்கும் குறைவில்லை. வெளிநாட்டிலிருந்து ஒருவர் கிருமியை இரத்தத்தில் கொண்டுவந்தால், அதை அடுத்தவருக்குக் கொடுக்க மலேரியா நுளம்பு இன்னும் இந்நாட்டில் இருக்கிறது. 2018 டிசம்பரில் மொனராகலையில் அப்படியே நடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவரிடமிருந்து உள்ளூர்க்காரர் ஒருவருக்குத் தொற்றியது. இன்றைய நம் பிள்ளைகள் அந்த நோயைக் கண்டதே இல்லை. அதைத் தாங்கும் சக்தியும் அவர்கள் உடம்பில் இல்லை.

எந்தப் பயணத்துக்குத் தேவை?

உம்றா, ஹஜ் செல்வோருக்கு வழக்கமாகத் தேவையில்லை. மக்கா, மதீனா, ஜித்தா நகரங்களில் மலேரியா ஆபத்து இல்லை. அவர்கள் போட வேண்டியது மூளைக்காய்ச்சல் தடுப்பூசி. கட்டார், குவைத், டுபாய் வேலைக்குப் போவோருக்கும் குளிசை வேண்டாம்.

ஆபிரிக்கா என்றால் கதை வேறு. மாணிக்க வியாபாரத்துக்கு மடகஸ்கார், மொசாம்பிக் போகிறவர்கள், தொழிலுக்கோ ஜமாஅத்திலோ கொங்கோ, தன்சானியா, நைஜீரியா போகிறவர்கள் அனைவருக்கும் குளிசை அவசியம். இந்தியாவில் இடத்துக்கு இடம் வேறுபடும். ஆகவே போகும் ஊர்ப் பெயரைச் சொல்லி விசாரியுங்கள்.

எதைத் தேர்வது?

நம் உம்மம்மாமாருக்குத் தெரிந்த கசப்புக் குளிசை குளோரோகுயின். ஆபிரிக்காவின் பெரும்பாலான இடங்களில் அது இன்று பலிக்காது. அங்கே போவோருக்குப் பொதுவாகக் கொடுப்பவை மூன்று.

மெஃப்ளோகுயின்: கிழமைக்கு ஒரு குளிசை. பயணத்துக்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே தொடங்கி, திரும்பி வந்து நான்கு கிழமை வரை குடிக்க வேண்டும். வலிப்பு, மனநோய், கடும் மனச்சோர்வு இருந்தவர்களுக்கு ஆகாது. பயங்கரக் கனவு, பதற்றம் வந்தால் உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

டொக்சிசைக்கிளின்: தினம் ஒன்று. புறப்படும் முன் ஓரிரு நாளில் தொடங்கி, வந்தபின் நான்கு கிழமை. கர்ப்பிணிக்கும் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் கூடாது. வெயில் பட்டால் தோல் எளிதில் கருகும். நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். இரும்புச்சத்துக் குளிசையோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது.

அட்டோவகுவோன்-புரோகுவானில்: இதுவும் தினம் ஒன்று. உணவோடு அல்லது பாலோடு. வந்தபின் ஏழு நாள் போதும். குறுகிய பயணத்துக்கு வசதியானது. கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகக் கொடுப்பதில்லை.

கர்ப்பமாக இருக்கும் சகோதரி மலேரியா நாட்டுக்குப் போகாமல் இருப்பதே நல்லது. அந்தக் காய்ச்சல் தாயையும் வயிற்றுப் பிள்ளையையும் சேர்த்தே தாக்கும். போயே தீரவேண்டுமென்றால் வைத்தியர் சொல்லும் குளிசை மட்டுமே. பால் கொடுக்கும் தாய் ஒன்றை மறக்க வேண்டாம். நீங்கள் குடிக்கும் மருந்து பால் வழியாகப் போய்ப் பிள்ளையைக் காக்காது. பிள்ளைக்கு அதன் நிறைக்கேற்ப வேறாகக் கொடுக்க வேண்டும்.

எங்கே பெறுவது?

கடை கடையாக அலைய வேண்டாம். மலேரியாத் தடை இயக்கம் பயணிகளுக்கு இக்குளிசைகளை இலவசமாகவே தருகிறது. அதன் தலைமையகம் கொழும்பு நாரஹேன்பிட்டியில். நம் பக்கத்தவர்கள் கல்முனை பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையில், அல்லது உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் வழி சொல்வார்கள். டிக்கட் கைக்கு வந்ததுமே போங்கள். போகும் நாடு, தங்கும் காலம், குடிக்கும் மற்ற மருந்துகள், பழைய நோய்கள் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

"அங்கே போய் வாங்கலாம்" என்று விடாதீர்கள். ஆபிரிக்கச் சந்தைகளில் போலி மலேரியா மருந்துகள் தாராளமாக விற்பனையாகின்றன. சென்ற முறை ஒருவர் மிச்சம் வைத்ததை அடுத்தவர் எடுத்துப் போவதும் தவறு. ஒருவருக்குப் பொருந்தியது மற்றவருக்கு ஆபத்தாகலாம்.

வீட்டில் குளிசைகளைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். சிறு பிள்ளை ஒன்றிரண்டு குளோரோகுயின் விழுங்கினாலே உயிர் போகலாம்.

நோன்பு காலமானால், தினக் குளிசையை நோன்பு திறந்து சாப்பிட்டபின் குடிக்கலாம். நேரம் மாறாமல் இருப்பதுதான் முக்கியம்.

குளிசை மட்டும் போதாது. மலேரியா நுளம்பு மாலை மயங்கியது முதல் விடியும் வரை கடிப்பது. மருந்து தோய்த்த நுளம்பு வலை, முழுக்கை உடுப்பு, நுளம்பு விரட்டும் களிம்பு மூன்றும் பெட்டியில் இருக்கட்டும்.

திரும்பி வந்த பிறகு

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும், "இனி எதற்கு?" என்று மிச்சக் குளிசையை வீசிவிடுவார்கள். ஈரலிலிருந்து பிந்தி இறங்கும் கிருமியை அழிக்கத்தான் அந்தக் கடைசிக் குளிசைகள். நாட்காட்டியில் குறித்து வைத்து, நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

முறையாகக் குடித்தாலும் நூற்றுக்கு நூறு காவல் கிடையாது. ஒருவகைக் கிருமி ஈரலில் மாதக்கணக்கில் ஒளிந்திருந்து பிறகு கிளம்பும். ஆகவே வந்து ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் கண்டால், பனடோல் கொடுத்துப் பார்த்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். கடுமையான மலேரியா சில நாட்களிலேயே உயிரைக் குடித்துவிடும்.

இன்றைய இளம் வைத்தியர்கள் பலர் மலேரியா நோயாளியைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். காய்ச்சல் என்றதும் டெங்கு என்றுதான் முதலில் நினைப்பார்கள். "இவர் ஆபிரிக்காவிலிருந்து வந்தவர், மலேரியாவுக்கு இரத்தம் பாருங்கள்" என்று நீங்களே வாய்திறந்து சொல்லுங்கள். அரச ஆஸ்பத்திரியில் அந்தப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

நோயாளி மயங்கிக் கிடக்கும்போது அந்தச் சொல்லைச் சொல்ல வீட்டுப் பெண்ணைத் தவிர வேறு யாரும் பக்கத்தில் இல்லாமல் போகலாம். ஆகவே சொல்லத் தயங்காதீர்கள்.