இல்லறச் சிக்கலுக்கு எவ்வாயில் தட்டுவது?

பல் மருத்துவர் எங்கிருக்கிறார் என்று வினவினால் நம் சிற்றூரில் சிறுபிள்ளையும் வழிகாட்டும். கணவனும் மனைவியும் ஆறு திங்களாக முகங்கொடுத்துப் பேசுவதில்லை, யாரிடம் செல்வது என்று வினவினாலோ, ஊர் வாய்மூடிக்கொள்ளும், அல்லது வாய்திறந்துவிடும். பெரும்பாலும் நிகழ்வது பின்னதே.

நம்மிடம் வழியே இல்லையென்று சொல்வதற்கில்லை. பிளவு நேருமென அஞ்சினால் இருவர் குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அமர்த்துமாறு திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் பணிக்கிறது. மஹல்லா ஜமாஅத்துப் பெரியவர்கள் சேர்த்துவைத்த குடும்பங்களும் பல. ஆயினும் பெரும்பாலான பிணக்குகள் ஜமாஅத்தின் வாயிலை அடையும்போது சீர்ப்பாத்திரங்கள் திருப்பிக் கேட்கப்பட்டிருக்கும், நகைக்கணக்கு எழுதப்பட்டிருக்கும். அங்கே பெண்ணின் குரல் தந்தையின் வாய்வழியே ஒலிக்கிறது. மணமுடித்த நாற்பதாம் நாள் வளைகுடா சென்று, ஈராண்டு கழித்து விடுப்பில் வந்த கணவன் தனக்கு அந்நியனாகத் தோன்றுகிறான் என்பதை எந்தப் பெண் தன் தந்தையைக் கொண்டு சொல்விப்பாள்?

1984ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த குடும்பநல நீதிமன்றங்களில் ஆலோசகர் உண்டு. ஆனால் வழக்குத் தொடுத்தபின் பெறும் ஆலோசனை, வீடு எரிந்தபின் கிணறு தோண்டுவதை ஒத்தது. அரசு மருத்துவமனைக்குச் செல்லலாம். மனநலப் பிரிவின் வரிசையில் நாத்தனாரின் அண்டை வீட்டாரும் நிற்பாரே என்ற அச்சம் காலைக் கட்டுகிறது. 2022இல் நடுவணரசு தொடங்கிய டெலி மானஸ், 14416 என்ற எண்ணில் தமிழிலும் கட்டணமின்றிப் பேசுகிறது. கூட்டுக் குடும்பத்தில் மொட்டை மாடிக்குச் சென்றுதான் பேச வேண்டும். அதுவும் யாரேனும் துணி உலர்த்த வரும்வரை!

ஆலோசகர் என்று பெயர்ப்பலகை மாட்டியோரெல்லாம் ஆலோசகராகிவிடுவதில்லை. உளவியலோ சமூகப்பணியோ முறையாகப் பயின்றவரா, ஒருவர் தனித்துக் கூறியதை மற்றவரிடம் கூறாது காப்பவரா என்று தயங்காமல் கேட்டறிதல் வேண்டும். முதல் அமர்விலேயே குற்றவாளி இன்னாரெனத் தீர்ப்புரைப்பவர் நமக்கு வேண்டியவர் அல்லர். அடி உதை நிகழும் வீட்டில் இருவரையும் எதிரெதிரே அமர்த்திப் பேசுதல் பெருந்தவறு. அங்கே முதலில் வேண்டுவது பாதுகாப்பு. அதற்கு 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும், 181 என்னும் மகளிர் உதவி எண்ணும் உள்ளன.

ஆகவே ஜமாஅத்துப் பெரியவர்களிடம் ஒன்று வேண்டுகிறோம். வாரத்தில் ஒருநாள் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரை, பெண்ணாயின் மிக நன்று, அமர்த்துங்கள். அவர் உள்ளூரினராக இருத்தல் வேண்டா. நம்மூரில் பயின்றவர் அடுத்த ஊருக்குச் செல்லட்டும். அவ்வூரார் இங்கு வரட்டும். உறவும் பகையும் இல்லாதவரிடமே நாவு அவிழும். அறையையும் அலுவலகத்தின் முகப்பில் ஒதுக்க வேண்டா. தையல் வகுப்பு நடைபெறும் கட்டடத்தின் மாடியாயின், யார் எதற்காகப் படியேறினார் என்று எவரும் வினவார்.