பின்னால் இருப்பவருக்கும் சேர்த்துத்தான் பெல்ட்

பாராசூட்டில் குதிக்கப் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் சிறு விமானங்கள் பலவற்றில் இருக்கைகளே கிடையாது. தரையிலோ நீள பெஞ்சிலோ, வால்பக்கம் பார்த்தபடி, ஒருவர் கால்களுக்கிடையே இன்னொருவர் என்று நெருக்கியடித்து உட்காருவார்கள். விளையாட்டுக்காகக் குதிப்பவர்கள் விமானத் தரையையே இருக்கையாகக் கொள்ளலாம் என்று அமெரிக்க விதி சொல்கிறது. விலக்கு இருக்கைக்குத்தான், பெல்ட்டுக்கு இல்லை.

அந்த நெருக்கத்திலேயே ஆபத்தும் இருக்கிறது. விமானம் எதிலாவது மோதி நின்றால் கட்டப்படாத உடல் மூக்குப் பக்கம் வீசப்படும். அவருடைய முதுகும் பாராசூட் பையும் போய் இடிப்பது பின்னால் இருப்பவரின் நெஞ்சில். அவர் அடுத்தவர் மேல் சாய, விமானியை ஒட்டி உட்கார்ந்தவர் மேல் மொத்த வரிசையின் எடையும் இறங்கும். ‘என் உயிர், என் விருப்பம்’ என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. நான் பெல்ட் போடாததன் விலையை என் பின்னால் இருப்பவர் கொடுக்கிறார்.

1992 ஏப்ரல் 22 அன்று கலிஃபோர்னியாவின் பெரிஸ் பள்ளத்தாக்கில், எரிபொருளில் கலந்த நீரால் ஒரு ட்வின் ஓட்டர் விமானத்தின் எஞ்சின் நின்றது. 22 பேரில் 16 பேர் மாண்டார்கள். பெல்ட் போடும் பழக்கம் குதிப்பவர்களிடையே வேரூன்றியது அதன் பிறகுதான். ஆனால் எந்த பெல்ட், எப்படி என்ற கேள்வி மிச்சமிருந்தது. 2006 ஜூலையில் மிசௌரியின் சல்லிவனில் இன்னொரு ட்வின் ஓட்டர் விழுந்து ஆறு பேர் இறந்தபோது, இன்னும் நல்ல பிணைப்பு இல்லாததும் காயங்களுக்குக் காரணம் என்றது அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம்.

வேதனை என்னவென்றால், விடை அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே கையில் இருந்தது. ஒக்லஹோமா நகரிலுள்ள அரசு ஆய்வு நிலையம் பொம்மை உடல்களை வைத்துச் சோதித்து 1998-இல் அறிக்கை தந்தது. ஒரு பக்கம் மட்டும் தரையிலுள்ள முளையோடு கட்டினால் உடல் அந்த முளையைச் சுற்றிச் சுழலும். இடுப்பின் இருபுறமும் தரையோடு கட்டினால் இருந்த இடத்தில் இருக்கும். 2014-இல் ஆஸ்திரேலியாவின் கபூல்ச்சரில் ஐவர் இறந்த விபத்தை ஆராய்ந்தவர்களும் இருபுறப் பிணைப்பையே சுட்டிக்காட்டினார்கள்.

பெல்ட்டைக் கோக்கும் இடமும் முக்கியம். மார்பு வாரில் நுழைத்தால் இடுப்பு கட்டின்றிக் கிடக்கும். ஹார்னெஸில் தொடை வார் இடுப்போடு சேரும் இடத்தில் உள்ளே விட்டு, சொருகி, தொய்வு போக இழுக்க வேண்டும். ஹெல்மெட்டும் தலையில் இருக்கட்டும். கழற்றி மடியில் வைத்த ஹெல்மெட் மோதலில் கல்லாகப் பறக்கும்.

அவசரத்தில் வெளியேற பெல்ட் தடை என்று சிலர் அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால் பொதுவாக சுமார் 1,500 அடியில் பெல்ட்டைக் கழற்றிவிடுகிறார்கள். அதற்குக் கீழே எஞ்சின் நின்றால் பெரும்பாலும் விமானத்தோடு தரையிறங்குவதே வழி. அப்போது உடலைப் பிடித்துவைக்க பெல்ட் மட்டுமே இருக்கும்.

இந்தப் பொறுப்பை ஒருவர் தலையில் கட்டிவிட முடியாது. இரண்டாவது வாரைப் பொருத்துவது விமானம் வைத்திருப்பவரின் கடமை. வாரும் முளையும் தாங்குமா என்று பார்த்து, இருபுறப் பிணைப்பைக் கட்டாயமாக்க வேண்டியது அரசு. கடைசி பெல்ட் மாட்டும்வரை விமானி பிரேக்கை விடக்கூடாது. நேரமாகிறது என்று அவரை யாரும் அவசரப்படுத்தவும் கூடாது. ஆயிரம் முறை குதித்தவர் முதலில் தன் பெல்ட்டை மாட்டினால் புதியவர் கேட்காமலே மாட்டுவார். சுற்றுலா போன இடத்தில், பயிற்றுநரோடு பிணைந்து முதல்முறை குதிக்கப் போகும் நம்மவர்களும் கூச்சப்படாமல் கேட்கலாம்: “என் பெல்ட் எங்கே மாட்டியிருக்கிறது, காட்டுங்கள்.” காட்டாவிட்டால் கதவு மூடுவதற்குள் இறங்கிவிடலாம்.