கடைக்கு இரண்டு முதலாளிகள்



குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசி, செங்கோட்டை, பிரானூர் சாலையெங்கும் பரோட்டாக் கல் ஆறுவதே இல்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கிடைக்கும் வருமானத்தை நம்பியே ஆண்டு முழுவதையும் ஓட்டும் சின்ன ஹோட்டல்களும் மெஸ்களும் இங்கே நிறைய. அவற்றில் பலவற்றைக் கணவனும் மனைவியுமாகத்தான் நடத்துகிறார்கள். அச்சன்புதூர், வடகரை, பண்பொழிப் பக்கத்து வாசகர்களுக்கு இதை நான் சொல்லியா தெரிய வேண்டும்?

இந்த மாதம் அந்தத் தம்பதிகளைப் பற்றிப் பேசலாம்.

முதலில் தொலைவிலிருந்து ஓர் உதாரணம். பாரிஸில் க்வென் லியூ, ரியுனோசுகே நாய்தோ என்று ஒரு தம்பதி. மனைவி மலேசியாக்காரர், கணவர் ஜப்பானியர். இருவருமே செஃப். 2017-ல் 'பெர்தினான்ஸ்' என்ற சிறிய பிரெஞ்சு உணவகத்தைச் சேர்ந்து தொடங்கினார்கள். மறு ஆண்டே, உணவகங்களைத் தரம்பிரிக்கும் மிஷ்லன் கையேடு அதற்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தது. பிரான்ஸில் பிறக்காத இருவர், பிரெஞ்சுச் சமையலுக்காக பாரிஸிலேயே வாங்கிய பெருமை அது. அந்தச் சமையலறையில் ஒருவர் முதலாளி, மற்றவர் ஒத்தாசை என்ற பேச்சு இல்லை.

பிரெஞ்சுச் சமையல் என்றதும் நமக்கு வெண்ணெயும் சீஸும் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே நல்ல செஃப்கள் பெரிதாக மதிப்பது பருவத்தை. அன்று சந்தைக்கு எது புதிதாக வந்ததோ, அதை வைத்துத்தான் அன்றைய மெனு. பல கடைகளில் அதைக் கரும்பலகையில் எழுதி வைப்பார்கள், மறுநாள் அழித்துவிட்டு வேறு எழுதுவார்கள்.

இது நம் ஊர் மெஸ்ஸில் நடக்காததா? ஓணம் நெருங்கும்போது பாவூர்சத்திரம் மார்க்கெட் சரக்கு லாரி லாரியாகக் கேரளாவுக்குப் போகும். விலை ஏறும். விடியற்காலையில் கமிஷன் கடையில் நின்றுகொண்டு கணவர் போன் போடுவார்: "முருங்கைக்காயத் தொட முடியல, என்ன செய்யட்டும்?" வீட்டிலிருந்து பதில் வரும்: "விடுங்க, தடியங்காய் வாங்கிட்டு வாங்க. நான் பாத்துக்கிடுதேன்."

அந்த அரை நிமிடப் பேச்சில் அன்றைய லாபமும் நஷ்டமும் முடிவாகிவிடுகின்றன. முடிவெடுத்தவர் யார்? மசாலா அரைப்பது, ஆணத்துக்கு உப்பு பார்ப்பது, மாஸ்டர் வராத நாளில் கல்லில் நிற்பது எல்லாம் யார்?

ஆனால் போர்டில் கணவர் பெயர். உணவுப் பாதுகாப்புப் பதிவில், வங்கிக் கணக்கில், கடை வாடகை ஒப்பந்தத்தில் கணவர் பெயர். இருபது வருடம் கடையைத் தூக்கி நிறுத்திய பெண், விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதுகிறார். கணவர் திடீரென்று படுத்துவிட்டால், கடையின் பேரில் ஒரு கடன் கேட்கக்கூட அவரிடம் காகிதம் இருக்காது. இதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஜூனியர் குப்பண்ணா ஹோட்டலை அறியாதவர் குறைவு. 1960-ல் ஈரோட்டில் சிறிய மெஸ்ஸாக அதைத் தொடங்கியது குப்புசாமி, ருக்மணி தம்பதி. ருக்மணி அம்மாள் என்று சொன்னால் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சேர்ந்து தொழில் செய்வதில் சங்கடமும் உண்டு. அருவியில் தண்ணீர் விழாத ஆண்டில் ஒரே வீட்டின் இரண்டு வருமானமும் ஒன்றாக நின்றுபோகும். கடைச் சண்டை வீட்டுக்கும் வரும், வீட்டுச் சண்டை கல்லாவுக்கும் வரும். பிள்ளையின் பள்ளிக் கூட்டத்துக்கு யார் போவது என்பதே பெரிய பஞ்சாயத்தாகும். அதனால்தான் பங்கும் பொறுப்பும் பேச்சோடு நிற்காமல் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறேன்.

பெரிய செலவில்லை. இருவரும் பங்குதாரர்களாக ஒரு பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம். இல்லையென்றால் கடையையே மனைவி பெயருக்கு மாற்றலாம், அவர் பெயரிலேயே முத்ரா கடனுக்கும் விண்ணப்பிக்கலாம். எதைச் செய்தாலும் வங்கிக் கணக்கு, உணவுப் பாதுகாப்பு, ஜிஎஸ்டி பதிவுகளையும் அதற்கேற்ப மாற்றியோ புதிதாக எடுத்தோ விடுங்கள். உள்ளூர் ஆடிட்டர் ஒருவரைப் பார்த்தால் வழி சொல்வார். கூடவே மாதச் சம்பளமாக ஒரு தொகை, சிறிதானாலும், அவரவர் சொந்தக் கணக்குக்குப் போகட்டும்.

சீசன் தொடங்கிவிட்டால் மூச்சுவிட நேரம் இருக்காது. அருவிக்கரை ஆளில்லாமல் கிடக்கும் இந்த மாதங்களிலேயே இந்த வேலையை முடித்துவிடுங்கள். முடித்ததும் புதுப் போர்டின் முன் இருவரும் நிற்கும் படத்தை எங்களுக்கு அனுப்புங்கள். பெயர்களோடு வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்