காய்கறிகள் ஏன் காட்டில் விளைவதில்லை?

லாலாங் புல்லுக்கு யாராவது உரமிட்டதுண்டா? வெட்ட வெட்டத் தழைக்கிறது. ஆனால் லயத்துக்குப் பின்னால் நீங்கள் பாத்தி கட்டிப் போட்ட வெண்டையையும் பயற்றங்காயையும் சில மாதம் கவனிக்காமல் விட்டால் இருந்த இடம் தெரியாமல் போய்விடுகின்றன. ஏன் இந்த வேற்றுமை, அன்பர்களே?

காட்டுச்செடி தன்னைத் தானே காத்துக்கொள்ளும். முள்ளும் கசப்பும் அதற்குக் காவல். காட்டுப் பயற்றின் நெற்று காய்ந்ததும் முறுக்கி வெடித்து, விதையைத் தூர எறியும். அவ்விதைகள் ஒரே சமயத்தில் முளைப்பதுமில்லை. சில இந்த மழைக்கு, சில அடுத்த மழைக்கு என்று மண்ணில் காத்துக் கிடக்கும். ஒரு வறட்சி வந்தாலும் வம்சம் அழியாது.

நம் முன்னோர்களோ கசப்புக் குறைந்ததையும், வெடிக்காத நெற்றையும், ஒன்றாக முளைக்கும் விதையையுமே பொறுக்கியெடுத்துத் தலைமுறை தலைமுறையாக விதைத்தார்கள். நமக்கு வசதியானது செடிக்குப் பலவீனமாயிற்று.

மக்காச்சோளத்தைப் பாருங்கள். சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோ நாட்டில் தியோசிந்தே என்னும் காட்டுப்புல்லிலிருந்து அதை உருவாக்கினார்கள். அந்தப் புல்லின் கதிரில் பன்னிரண்டு மணிகளுக்கு மேல் காண்பது அரிது. முற்றியதும் தனித்தனியே உதிர்ந்துவிடும். இன்றைய கதிரிலோ நூற்றுக்கணக்கான மணிகள். ஆனால் மட்டைக்குள் அடைபட்டு, உதிர வழியில்லை. கதிரோடு விழுந்து முளைத்தாலும் ஒன்றையொன்று நெருக்கியே பட்டுப்போகும்.

ஊசிமிளகாய் மட்டும் கெட்டிக்காரி! குருவிகளுக்குக் காரம் உறைப்பதில்லை. பழத்தைத் தின்று எச்சத்தோடு விதையைப் போட, ஆளில்லாத வேலியோரத்திலும் முளைத்து நிற்கிறது.

அவரைக்கும் பயற்றங்காய்க்கும் நாம்தாம் குருவி. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம்மவர்கள் பலர் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோய்விட்டார்கள். பாட்டி காப்பாற்றி வைத்த விதையை யாரும் எடுத்துச் செல்லாவிட்டால், அந்த வகை அத்தோடு முடிந்தது. காடு அதை வளர்த்துத் தராது.

ஆகவே, நல்ல கொடியில் இரண்டு காயைப் பறிக்காமல் முற்றவிடுங்கள். விதையை நிழலில் நன்றாகக் காயவைத்து, சாம்பல் கலந்து, இறுக மூடிய போத்தலில் வையுங்கள். கடையில் வாங்கும் ஒட்டுரக விதை இதற்கு ஆகாது. அதன் விதை தாயைப் போலக் காய்க்காது. மாடி வீடானாலும் ஒரு பூச்சட்டி போதும், வருடம் ஒருமுறை போட்டு விதையைப் புதுப்பிக்கலாம்.

வீடு மாறும்போது சாமிப் படங்களோடு அந்தப் போத்தலையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.