கைதட்டல் கிட்டாத கரங்கள்

குத்துச்சண்டை என்றதும் நம் இல்லங்களில் முதலில் எழும் பெயர் முகமது அலி. சற்று மூத்தோர் ஜோ லூயிஸையும் ராக்கி மார்சியானோவையும் சேர்த்துக் கூறுவர். இளைஞர் மைக் டைசனைச் சொல்வர். இவர்கள் பெரும் வீரர்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் புகழ் எப்போதும் தகுதியை அளந்து பார்த்து வருவதில்லை. தகுதி நிறைந்திருந்தும் புகழ் கிட்டாத வீரர் இருவரை இத்திங்கள் நினைவுகூர விரும்புகிறோம். ஒருவருக்கு வாயில் அடைக்கப்பட்டது. மற்றவருக்கு வாயில் திறந்தது, இரசிகர்களின் உள்ளம் திறக்கவில்லை.

முன்னவர் சாம் லாங்ஃபோர்டு. கனடா நாட்டின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்த கறுப்பின வீரர். உயரத்தில் குறைந்தவர், எனினும் தம்மிலும் பெரிய உருவினரை அஞ்சாது எதிர்த்தவர். 1903 இல், அப்போது லைட்வெயிட் உலகச் சாம்பியனாக விளங்கிய ஜோ கேன்ஸைப் பட்டத்திற்கல்லாத சண்டையொன்றில் வென்றார். 1906 இல் ஜாக் ஜான்சனுடன் பதினைந்து சுற்றுகள் நின்று புள்ளிகளில் தோற்றார். அந்த ஜான்சன் 1908 இல் ஹெவிவெயிட் உலகச் சாம்பியனான பின்னர், லாங்ஃபோர்டுக்கு மறுவாய்ப்பு அளிக்கவேயில்லை. வெள்ளையர் பலர் நிறத்தைக் காட்டி ஒதுக்கினர். கறுப்பினத்தவரான ஜான்சனோ இவருடன் மீண்டும் மோத முன்வரவில்லை. ஹெவிவெயிட் பட்டத்திற்கு மோதும் வாய்ப்பு இறுதிவரை வரவில்லை. 1944 இல் செய்தியாளர் ஒருவர் தேடிச் சென்றபோது, நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் பார்வையிழந்து வறுமையில் வாடக் கண்டார். அவர் எழுதியதைப் படித்தோர் உதவி அனுப்பினர். 1956 இல் லாங்ஃபோர்டு மறைந்தார்.

இவருக்கு நேர்ந்தது பிறர் இழைத்த அநீதி. அடுத்தவர் கதை நம்மையே, அதாவது இரசிகர்களையே, கேள்வி கேட்கிறது.

அவர் எஸார்டு சார்லஸ். 1921 இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்து, சின்சினாட்டி நகரில் வளர்ந்தவர். விரைந்த கால்களும், எதிரியின் குத்தை மயிரிழையில் தவிர்க்கும் நுட்பமும் அவருடைய செல்வங்கள். லைட் ஹெவிவெயிட் பிரிவில் பின்னாளில் நெடுங்காலம் சாம்பியனாய்த் திகழ்ந்த ஆர்ச்சி மூரை 1946, 1947, 1948 ஆகிய மூவாண்டுகளிலும் வென்றார். ஆயினும் அப்பிரிவின் பட்டத்திற்கு மோத அவருக்கு ஒருமுறையும் இடங்கொடுக்கவில்லை. அப்பிரிவில் அவரே தலைசிறந்தவர் என்று வல்லுநர் பலர் இன்று கருதுகின்றனர்.

1948 பிப்ரவரியில் சிகாகோவில் அவருடன் மோதிய சாம் பரூடி என்னும் இளைஞர் மயங்கி விழுந்து, பின்னர் உயிர் நீத்தார். அத்துயரம் சார்லஸை உலுக்கியது. அதன்பின் அவர் முன்போல் வீழ்ந்த எதிரியை விரட்டிச் சாய்ப்பதில்லை என்று விமரிசகர் கூறினர். மிகையான எச்சரிக்கை கொண்டவர் என்று மக்கள் குறைகூறினர். ஒரு மனிதனின் உள்ளத்து வடுவையே அவனுடைய குற்றமாக்கினோம்!

1949 இல் ஜோ லூயிஸ் ஓய்வு பெற்றபின், ஜெர்சி ஜோ வால்காட்டை வென்று சார்லஸ் ஹெவிவெயிட் பட்டம் பெற்றார். பன்னிரண்டு ஆண்டுகள் கோலோச்சிய லூயிஸை மறக்கவியலாத மக்களுக்கு, புதியவர் இடைச்செருகலாகவே தோன்றினார். வரிக்கடன் நெருக்கவே லூயிஸ் மீண்டும் களமிறங்கினார். 1950 செப்டம்பர் 27 அன்று நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் இருவரும் மோதினர். லூயிஸ் முப்பது பவுண்டுக்கு மேல் எடை மிகுந்தவர். சார்லஸ் இளமையில் போற்றிய வீரரும் அவரே. பதினைந்து சுற்றுகளின் முடிவில் சார்லஸ் தெளிவாக வென்றார். வெற்றி கிட்டியது; அன்பு கிட்டவில்லை. நாம் நேசித்தவரைத் தோற்கடித்தவர் என்பதே அவர்மீது சுமத்தப்பட்ட பழி.

1951 இல் வால்காட்டிடம் பட்டத்தை இழந்தார். 1954 ஜூனில், தம் வாழ்நாளில் ஒருமுறையும் தோற்காத மார்சியானோவை எதிர்த்துப் பதினைந்து சுற்றுகளும் நின்றார். மார்சியானோவுடன் அவ்வாறு நின்றவர் அவர் ஒருவரே. அதே ஆண்டு செப்டம்பரில் நடந்த மறுசண்டையில் மார்சியானோவின் மூக்கைப் பிளந்தார். எனினும் எட்டாம் சுற்றில் வீழ்ந்தார். பின்னர் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய் அவரைச் சக்கர நாற்காலியில் அமர்த்தியது. மின்னலென இயங்கிய கால்கள் அசைய மறுத்தன. 1975 இல், ஐம்பத்து மூன்றாம் வயதில், காலமானார். சின்சினாட்டியில் அவருக்குச் சிலை திறக்கப்பட்டது 2022 இல்; மறைந்து நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து!

சிலைக்குக் கைதட்டல் கேட்பதில்லை. ஆதலின் விளையாட்டை விரும்பும் நம் இளைஞருக்கு ஒன்று சொல்வோம். எத்தனை பேரை வீழ்த்தினார் என்று மட்டும் எண்ணாதீர்கள். எத்தனை குத்துகளைத் தம்மேல் படாமல் விலக்கினார் என்றும் பாருங்கள். நீங்கள் நேசிக்கும் வீரரை ஒருவர் நேர்மையாக வென்றால், தோற்றவருக்காக வருந்துங்கள். வென்றவருக்குரிய பாராட்டை மறுக்காதீர்கள். லாங்ஃபோர்டுக்கு வாயிலைத் திறக்கும் அதிகாரம் அரங்கில் அமர்ந்திருந்த எளிய இரசிகனுக்கு இருக்கவில்லை. சார்லஸுக்குக் கைதட்ட எந்த அதிகாரமும் வேண்டியதில்லை. கையிரண்டும் சற்று நேர்மையும் போதுமானவையாயிருந்தன.