அண்ணாச்சி, உங்க பேரைக் குடுத்திருக்கேன்

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம் மூணு மணி இருக்கும். எங்கள் கிளையில் அது ஏற்றுமதி பில்கள் வந்து குவிகிற நேரம். இறால் கம்பெனிக்காரர் ஒருவரும் தேயிலைக்காரர் ஒருவரும் எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அப்போது செல்போன் அடித்தது. துபாய் நம்பர்.

ஒரு பெண் குரல், ஆங்கிலத்தில். இன்னார் எங்கள் கம்பெனிக்கு விண்ணப்பித்திருக்கிறார், உங்களை ரெஃபரன்ஸாகக் கொடுத்திருக்கிறார், ஐந்து நிமிஷம் பேசலாமா? இன்னாரின் பெயர் எனக்குப் பிடிபடவே இல்லை. பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயர் அது, அப்பா பெயரும் சேர்ந்து நீளமாக. அரை நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது, அட, நம்ம தென்காசிப் பையன்! எங்கள் தெரு. வீட்டில் கூப்பிடுகிற பெயரே வேற. ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறவன். ஊருக்குப் போய்விட்டு பாலருவியில் திரும்பினால் அவன் அம்மா எங்களுக்கென்று கொடுத்துவிட்ட வத்தல் பொட்டலத்தோடு வந்து நிற்பான்.

"உங்களிடம் எத்தனை வருஷம் வேலை பார்த்தார்?"

வேலையே பார்க்கவில்லையே!

"என்ன பொறுப்பில் இருந்தார்? நெருக்கடி வந்தால் எப்படிச் சமாளிப்பார்? ஏதாவது ஒரு சம்பவம் சொல்ல முடியுமா?"

அவன் எங்கள் வீட்டில் ரசத்தை எப்படிச் சமாளிப்பான் என்பதுதான் எனக்குத் தெரியும். நல்ல பையன், நல்ல குடும்பம், மரியாதை தெரிந்தவன் என்று ஏதோ உளறினேன். அந்தப் பெண் மிகவும் பண்பாக, "அப்படியானால் நீங்கள் குடும்ப நண்பர், சரிதானே?" என்றார். ஆமாம் என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார். மொத்தம் ஒண்ணரை நிமிஷம்.

ராத்திரி ஏழரைக்கு நம்மாள் போன் பண்ணுகிறான். "அண்ணாச்சி, துபாய் வேலைக்கு உங்க பேரைக் குடுத்திருக்கேன். போன் வந்தா கொஞ்சம் நல்லதா சொல்லுங்க."

என்னத்தைச் சொல்ல :-)

சிரிப்பாக எழுதிவிட்டேனே தவிர அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அவன் அப்பா பக்கவாதம் வந்து படுத்து இரண்டு வருஷம். தங்கச்சி நர்சிங் படிக்கிறாள். அந்த துபாய் சம்பளம் அவர்கள் வீட்டுக்கு என்னவென்று எனக்குத் தெரியும். நான் உளறிய ஒண்ணரை நிமிஷத்தில் அது போயிருந்தால்?

தப்பு அவன்மேல் மட்டும் இல்லை. வெளியூருக்குப் பிழைக்க வந்த நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம் இது. ரெஃபரன்ஸ் என்ற கட்டத்தைப் பார்த்ததும் நம் மனசு அதை 'சிபாரிசு' என்று மொழிபெயர்த்துக்கொள்கிறது. உடனே தெரிந்தவர்களிலேயே பெரிய நாற்காலியில் இருப்பவர் யார் என்று தேடுகிறோம். பேங்க் ஆபீசர், தாசில்தார், ரிட்டயர்ட் பிரின்சிபால், சித்தப்பாவின் சம்பந்தி. சிபாரிசு என்பது 'என் முகத்துக்காகச் செய்' என்று கேட்பது. ரெஃபரன்ஸ் என்பது 'நான் கண்ணால் பார்த்தேன்' என்று சாட்சி சொல்வது. கோர்ட்டில் சம்பவ இடத்தில் இல்லாத கலெக்டரை விட, இருந்த பூக்காரம்மாதானே சாட்சி?

எங்கள் தொழிலிலேயே இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. கணக்கு ஆரம்பிக்க ஒரு காலத்தில் இன்னொரு கணக்குதாரரின் அறிமுகக் கையெழுத்து வேண்டும். நான் சேர்ந்த புதிதில் அது இல்லாமல் ஒரு ஃபாரம் நகராது. செலாவணி முறிச் சட்டத்தின் 131-வது பிரிவு, வாடிக்கையாளருக்காகச் செக் வசூலிக்கிற வங்கி நல்லெண்ணத்தோடும் அஜாக்கிரதை இல்லாமலும் நடந்திருந்தால்தான் பாதுகாப்பு தருகிறது. ஆகவே ஆள் யார் என்று தெரியாமல் கணக்குத் திறந்தால் நாளைக்கு நாம் மாட்டுவோம். அறிமுகம் செய்தவருக்கு நன்றிக் கடிதம் ஒன்று போகும். மரியாதைக்கு என்று நினைப்பார்கள். உண்மையில் அந்தக் கையெழுத்து அவருடையதுதானா என்று தபாலில் வேவு பார்க்கிற வேலை அது.

நடைமுறையில் என்ன ஆனது? கவுன்டர் வாசலில் நிற்கிற யாரோ ஒருவரிடம் "சார், ஒரு சைன் போடுங்களேன்" என்பார்கள். அவரும் போடுவார். முன்பின் தெரியாதவர் முன்பின் தெரியாதவருக்கு அத்தாட்சி! கடைசியில் 2012-ல் ரிசர்வ் வங்கி, அறிமுகம் வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது, அடையாள ஆவணமும் முகவரி ஆவணமும் போதும் என்று சொல்லிவிட்டது. தெரியாதவர் போட்ட கையெழுத்துகள் சேர்ந்து அந்த முறையின் மதிப்பையே தின்றுவிட்டன என்பது என் அபிப்பிராயம். பையனுக்காக நான் போட இருந்ததும் அந்த மாதிரிக் கையெழுத்துதான்.

இந்த இடத்தில் ஒரு கும்பகோணத்துக்காரர் ஞாபகம் வருகிறார். துறைமுகத்தில் வேலை தேடியவர். 1912 பிப்ரவரி 9 அன்று மெட்ராஸ் போர்ட் டிரஸ்டுக்குக் கணக்குப் பிரிவு குமாஸ்தா வேலை கேட்டு ஒரு விண்ணப்பம் போகிறது. விண்ணப்பதாரர் மெட்ரிகுலேஷன் பாஸ், எஃப்.ஏ. தேறவில்லை. டிகிரி இல்லை, சொல்லிக்கொள்ளும்படி முன் அனுபவமும் இல்லை. அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீசில் சில வாரம் 20 ரூபாய் சம்பளத்தில் தற்காலிக வேலை, அவ்வளவுதான். பெயர் சீனிவாச ராமானுஜன்.

அவருக்குப் பெரிய மனுஷர்கள் தெரியாமல் இல்லை. நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் மாசம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்தவர். ஆனால் விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்பியது பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் கடிதம். இந்தப் பையனுக்குக் கணக்கில் அசாதாரணத் திறமை இருக்கிறது என்று, தான் எடைபோடத் தெரிந்த ஒன்றைப் பற்றி அவர் எழுதியிருந்தார். மார்ச் 1-ம் தேதி 30 ரூபாய் சம்பளத்தில் ராமானுஜன் வேலையில் சேர்ந்தார். (கலெக்டரின் செல்வாக்கும் திரைமறைவில் வேலை செய்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. நம்ம ஊர்தானே.)

அதற்கடுத்த வருஷம்தான் இன்னும் விசேஷம். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் மெட்ராஸ் வருகிறார். அவர் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துக் கொடிகட்டியவர். ராமானுஜனின் நோட்டைப் பார்க்கிறார். பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதுகிறார். மாசம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைக்கிறது. 'நோட்டைப் பார்த்தேன்' என்று ஒருவர் சொல்ல முடிந்ததே, அதுதான் ரெஃபரன்ஸ்.

நாம் ராமானுஜன் இல்லை, சரி. நம் நோட்டைப் பார்த்தவர் யார் என்று யோசிக்கலாம் அல்லவா?

நான் இருக்கிற வில்லிங்டன் தீவே வந்தவர்களின் தீவு. ராபர்ட் பிரிஸ்டோ என்ற என்ஜினீயர் துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொட்டி உண்டாக்கிய நிலம் இது. பூர்வீகம் என்று இங்கே யாருக்கும் கிடையாது. எல்லோரும் வேலைக்கு வந்தவர்கள், வேலை முடிந்ததும் போகிறவர்கள். 2011-ல் கண்டெய்னர் வேலை எல்லாம் வல்லார்பாடம் டெர்மினலுக்குப் போனபோது இங்கே பல ஏஜென்சிகளில் ஆள் குறைந்தது. நாலு வருஷம் ஒன்றாக வேலை பார்த்த மேனேஜர் இன்றைக்கு மஸ்கட்டிலோ மங்களூரிலோ. நம்பர் மாறியிருக்கும். இது தீவுக்கு மட்டுமா? சிங்கப்பூரில் இருப்பவருக்கும் ஷார்ஜாவில் இருப்பவருக்கும் இதே கதைதான். நம் வேலையைப் பார்த்த சாட்சிகள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள். பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அனுப்பிக்கூட நாம் அவர்களைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. வேலை தேடும்போது மட்டும் ஐந்து வருஷம் கழித்து "சார், நல்லா இருக்கீங்களா" என்றால் அவருக்கும் தெரியாதா என்ன?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ரெஃபரன்ஸ் சொல்கிறவருக்கும் இது விளையாட்டு இல்லை. 1963-ல் இங்கிலாந்தில் ஹெட்லி பைர்ன் வழக்கு என்று ஒன்று. ஒரு வங்கி தன் வாடிக்கையாளரைப் பற்றி நல்லபடியாகச் சொன்னதை நம்பி, ஒரு விளம்பர நிறுவனம் 17,000 பவுண்டு இழந்தது. பொறுப்பேற்க மாட்டோம் என்று ஒரு வரி எழுதியிருந்ததால் வங்கி தப்பித்தது. ஆனால் அஜாக்கிரதையாகச் சொன்ன வார்த்தைக்கும் பொறுப்பு உண்டு என்பது அன்றைக்கு நிலைநாட்டப்பட்டது. 1994-ல் ஸ்ப்ரிங் வழக்கில் இன்னும் ஒரு படி: ஊழியரைப் பற்றி ரெஃபரன்ஸ் எழுதுகிற முன்னாள் முதலாளி, அந்த ஊழியருக்கே கவனத்தோடு நடக்கக் கடமைப்பட்டவர் என்றார்கள். 2017 முதல் அங்கே வங்கிகளில் பொறுப்பான பதவிக்கு ஆள் எடுத்தால் பின்னோக்கி ஆறு வருஷ ரெஃபரன்ஸ் வாங்கியாக வேண்டும். இந்தப் பயத்தில்தான் பல கம்பெனிகள் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, இதற்கு மேல் வாயே திறப்பதில்லை. அதனால் மனசுவிட்டுப் பேசத் தயாராக இருக்கிற ஒரு மனுஷரின் மதிப்பு இப்போது கூடித்தான் இருக்கிறது.

ஆகவே பெயரைக் கொடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும். கேட்பது என்றால் "குடுத்திருக்கேன்" என்று தகவல் சொல்வது அல்ல. "என்னைப் பத்தி நல்லபடியா சொல்ல உங்களுக்கு விஷயம் இருக்கா?" என்று கேட்பது. இழுத்தால் விட்டுவிட வேண்டும். சரி என்றால் என்ன வேலை, எந்தக் கம்பெனி, எப்போது போன் வரும் என்பதைச் சொல்லி, பயோடேட்டாவையும் அனுப்பிவிட வேண்டும். அப்படியே பாஸ்போர்ட்டில் உள்ள முழுப்பெயரையும் :-)

பையன் கதைக்கு வருகிறேன். அந்த கம்பெனி நல்ல கம்பெனி போல, கூட வேலை பார்த்த யாராவது ஒருவர் பெயர் கொடுங்கள் என்று மறுபடி கேட்டார்கள். அவன் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தான். யார்டா இருக்கா என்றேன். "யாருமில்ல அண்ணாச்சி, மேனேஜர் வேலையை விட்டுப் போயிட்டார். டாக்குமென்டேஷன்ல ஒரு சேட்டன் இருக்கார், ஆனா அவர் வெறும் கிளார்க்கு. இங்கிலீஷும் சுமார்தான்."

அந்த சேட்டன்தான் இவனுக்கு ஷிப்பிங் பில் போடக் கற்றுக்கொடுத்தவர். ஒரு ராத்திரி குளிர்சாதனக் கண்டெய்னர் ஒன்றில் மின்சாரம் நின்றுபோய், உள்ளே இருந்த இறால் முழுக்கப் பாழாக இருந்தபோது, விடியவிடிய இவன் கூடவே ஓடியவரும் அவர்தான். என்னிடம் இந்தக் கதையை அவன் நாலு தடவையாவது சொல்லியிருப்பான். துபாய்க்காரி கேட்ட 'ஏதாவது ஒரு சம்பவம்' இதுதானே! பேர் கொடுத்தான், இந்தத் தடவை நேரில் போய்க் கேட்டுவிட்டு. சேட்டன் இருபது நிமிஷம் பேசினாராம், பாதி மலையாளத்தில். ஆஃபர் லெட்டர் இன்னும் வரவில்லை. அடுத்த சுற்று இன்டர்வியூ வைத்திருக்கிறார்கள்.

அவனுக்கு இவ்வளவு உபதேசம் செய்த எனக்கும் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. அம்மாவுக்கு முடியவில்லை, ஊர்ப்பக்கம் போயாக வேண்டும். மதுரையில் ஒரு தனியார் வங்கியில் பேசிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பெயர் கேட்டிருக்கிறார்கள். இப்போதைய மேலதிகாரி பெயரைக் கொடுக்க முடியாது, கொடுத்தால் வேலை கிடைப்பதற்கு முன் இங்கே செய்தி பரவிவிடும். அதை அந்த வங்கியிடமே சொல்லிவிட்டேன், ஆஃபர் உறுதியான பிறகு அவரிடம் பேசுங்கள் என்று. ஒப்புக்கொண்டார்கள். கேட்டால் கொடுக்கிறார்கள், நாம்தான் கேட்பதில்லை.

முதல் பெயர் என்னிடம் பயிற்சி எடுத்த ஒரு பெண் அதிகாரி. இரண்டாவதுக்கு ஒரு ஏ.ஜி.எம். தெரியும், கல்யாண வீடுகளில் பார்த்துச் சிரிப்பவர். பேனா அங்கேதான் போனது. எழுதவில்லை.

பதினைந்து வருஷத்துக்கு முன் எனக்கு மேனேஜராக இருந்தவர் இப்போது ரிட்டயராகி கோயமுத்தூரில் இருக்கிறார். அவருக்குக் கீழே இருந்தபோது ஒரு எல்.சி. பில்லில் கடைசி ஷிப்மென்ட் தேதி 28, பில் ஆஃப் லேடிங்கில் 30 என்று இருந்ததை நான் கவனிக்காமல் பாஸ் பண்ணிவிட்டேன். வெளிநாட்டு வங்கி பணம் தர மறுத்தது. அவர் எனக்கு மெமோ கொடுத்தார். அந்த ஏற்றுமதியாளரோடு அலைந்து, அந்தப் பக்கத்து இறக்குமதியாளரைச் சம்மதிக்க வைத்து, 47 நாள் கழித்துப் பணம் வந்தது. அந்த 47 நாளும் என்னைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

நேற்றுப் போன் பண்ணினேன். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சொல்றேன்பா, தாராளமா சொல்றேன். ஆனா அந்த 28, 30 விஷயத்தைக் கேட்டா என்ன சொல்லட்டும்?" என்றார்.

நடந்ததைச் சொல்லுங்க சார் என்றேன்.